இடியப்ப மெசினை ஊருக்கே காட்டிய மச்சாளுக்கு

இருக்கிற இடத்திலும் வாய் ஓயாமல் யாருக்காவது கதை சொல்லிக்கொண்டிருக்கும் என் புவனேஸ் மச்சாளுக்கு,

அந்தக் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள். உயிரோடு இருந்த காலத்தில் நான் சொன்ன ஒன்றையும் நீங்கள் கேட்டதில்லை. இப்போதாவது கேட்கலாம்தானே? நாளைக்குக் காலையில் நான் கொழும்புக்குப் போகிறேன். அங்கே ஒரு கம்பனி நீட்டும் கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வைக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நீங்கள் செய்த இடியப்ப மெசின் இனி யாருக்குச் சொந்தம் என்பதுதான் விசயம். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் எப்படி முடிவெடுப்பது?

முதலில் வீட்டுப் புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் தர்சினி பெரிய பிள்ளையாகிவிட்டாள். கட்டாரில் இருந்து என் அண்ணன், உங்கள் புருசன், லீவில் வந்தார். பந்தல் போட்டு, தண்ணி வார்த்து, ஒரு குறையும் வைக்காமல் செய்தோம். மாமி செய்ய வேண்டியதையெல்லாம் மாமியாக நின்று செய்தேன். தாய் செய்ய வேண்டிய இடம் வந்தபோது சனம் எல்லாம் என்னையே பார்த்தது. அதையும் நானே செய்தேன், அழுது அழுது. அண்ணன் வேலியடியில் போய் நின்றுகொண்டார். தான் அழுததை யாரும் காணவில்லை என்று அவருக்கு நினைப்பு.

இந்தக் கடிதத்தைப் பேப்பருக்குக் கொடுக்கப் போகிறேன். ஆகவே உங்களுக்குத் தெரிந்த கதையையும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையாகச் சொன்னால் கனவில் வந்து திருத்துங்கள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். அதனால் அண்ணன் உங்களைக் கட்டி, வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்த எங்கள் வீட்டை விட்டு, கடற்கரையில் இருந்த உங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து கொஞ்சக் காலத்தில் கட்டாருக்கும் போனார். நீங்கள் சும்மா இருக்கிற ஆளா? விடியவே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினீர்கள். சிவப்பரிசி மாவைக் குழைத்து இடியப்ப உரலில் போட்டுப் பிழிகிறவளுக்குத்தான் தோள் படும் பாடு தெரியும். தர்சினி பிறந்த பிறகு உங்களுக்கு வலது தோள் தூக்க முடியாமல் போனது. தலை வாரவும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது.

வேறு யாரும் என்றால் தொழிலை விட்டிருப்பார்கள். நீங்கள் உங்கள் தாயின் பழைய தையல் மெசினைக் கழற்றினீர்கள்! காலால் மிதிக்கிற அடிப்பாகத்தை மட்டும் எடுத்து, மேலே இடியப்ப உரலைப் பூட்டி, காத்தான்குடி வெல்டிங் கடை முஸ்லிம் அண்ணரை, நம்மட நானாவை, போட்டு வாட்டி எடுத்தீர்கள். மிதித்தால் உரல் அமுங்க வேண்டும், அதோடு கீழே தட்டும் தானாகச் சுற்ற வேண்டும் என்றீர்கள். அதற்குத்தான் அந்தச் சைக்கிள் செயின். நானா தலையில் கை வைத்தார். "புள்ள, ஒண்டில் உரல அமுக்கு, இல்லாட்டித் தட்டச் சுத்து. ரெண்டையும் ஒரே மிதியில கேட்டா நான் எங்க போற?" நீங்கள் விடவில்லை. செயின் ஓடுகிற பல்லுச் சில்லை மாற்றி மாற்றிப் பூட்ட வைத்தீர்கள். கடைசியில் ஒரு மிதிக்கு ஒரு இடியப்பம், வட்டம் பிசகாமல் தட்டில் விழுந்தது. நானா தன் கையாலேயே மிதித்துப் பார்த்தாராம். கையால் எப்படி மிதிப்பது என்று கேட்காதீர்கள், நீங்கள்தான் அப்படிச் சொன்னீர்கள்.

அதைப் பார்த்த அன்றைக்கே நான் சொன்னேன். "மச்சாள், இத மூடி வையுங்க. ஆருக்கும் காட்டாதீங்க. நாலு மெசின் செஞ்சி வித்தாலும் நம்மட கையிலதான் இருக்கணும்."

"ஓம் ஓம்," என்றீர்கள். உங்கள் "ஓம் ஓம்" என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தீர்கள். மெசின் சரிவந்தால் முதல் வேலை அம்மாளுக்கு என்று. முதல் கதிர், முதல் பால், முதல் காய் எல்லாம் அம்மாளுக்குக் கொடுக்கிற ஊரில் மெசினுக்கு மட்டும் வேறு சட்டமா என்று கேட்டீர்கள். வைகாசிச் சடங்கு வந்தது. கடைசி நாள், அம்மனைக் குளிர்விக்கிற குளுத்திக்குச் சனம் முட்டி வழிகிறது. கோயில் மடத்தடியில் மெசினை வைத்து வந்த சனத்துக்கெல்லாம் இடியப்பம் பிழிந்து கொடுத்தீர்கள். அது போதாதா? ஒலிபெருக்கிக்காரனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்! "புவனேஸ்வரி அக்கா செய்த புதிய இடியப்ப இயந்திரத்தைப் பார்க்க விரும்பும் அடியார்கள் மடத்தடிக்கு வரவும்." அம்மனின் காவியம் பாடி ஓய்ந்த அதே மைக்கில். நான் வெட்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அடியார்கள் வந்தார்கள். வராமல் இருப்பார்களா? குனிந்து பார்த்தார்கள், செயினைத் தொட்டுப் பார்த்தார்கள், நீங்கள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னீர்கள்.

சடங்கு முடிந்து, மறுகா எனக்கென்று இன்னொரு மெசின் செய்து, மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து கொண்டுவந்தீர்கள். அப்போது சமாதான காலம். ஆனாலும் உங்கள் கரையில் ஆமிக்காரர் மறித்தார்கள். இரும்பு, செயின், பல்லுச் சில்லு... இது என்ன சாமான் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்தானே? சிங்களம் தெரியாத நீங்கள் சென்றிக் காவலரணடியில் மெசினை இறக்கி, பையில் இருந்த மாவைக் குழைத்து, மிதித்துக் காட்டினீர்களாம். எங்கள் கரையில் இயக்கப் பெடியள் மறித்தார்கள். அங்கேயும் மிதித்துக் காட்டினீர்கள். சண்டை பிடித்த இரண்டு பகுதிக்கும் ஒரே நாளில் விளக்கம் கொடுத்த ஆள் இந்த மாவட்டத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். வந்து சேர்ந்ததும் நான் ஏசினேன். நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள்.

கார்த்திகையில் ஒரு தொழில் அபிவிருத்தி உத்தியோகத்தர் உங்கள் வீட்டுக்கு வந்தார். மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்குப் பேட்டன்ட் எடுக்கலாம். எடுத்தா வேற ஒருத்தரும் உங்கள கேக்காம செய்யேலாது," என்றார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. நான் அன்றைக்கு அங்கேதான் நின்றேன். "வெளியில காட்டிட்டீங்களா?" என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். அவர் நல்ல மனிதர். செய்தவரே காட்டியிருந்தால் காட்டிய நாளில் இருந்து ஒரு வருசத்துக்குள் விண்ணப்பம் போட்டால் பழுதில்லை, சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சொன்னார்.

அடுத்த கிழமையே கொழும்புக்குப் போவோம் என்று நான் துள்ளினேன். அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. ஊருக்கே மெசினைக் காட்டத் துணிந்த உங்களுக்கு மார்கழியில் ஒரு நல்ல காரியம் தொடங்கத் துணிவு வரவில்லை. "பீடை மாசத்தில ஆராவது புதுசாத் தொடங்குவாங்களா? தை பிறக்கட்டும் மச்சாள். பொங்கிப் போட்டுப் போவம். வைகாசி வரைக்கும் நாள் கிடக்குத்தானே?" என்றீர்கள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த மார்கழியில்தான் கடல் வந்தது.

பள்ளிக்கூட லீவென்று தர்சினி என்னிடம் வந்து நின்றாள். அதனால் பிள்ளை தப்பினாள். நீங்கள் அன்று காலை இடியப்பம் எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, மெசினைக் கழுவிக்கொண்டிருந்ததாக அயலில் தப்பியவர்கள் சொன்னார்கள். உங்களைப் பனங்காட்டுக்குள்தான் கண்டெடுத்தோம். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. மச்சாள், அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. எழுத வேண்டாம் என்று நீங்களும் சொல்வீர்கள்.

அந்த வைகாசி வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. பேட்டன்ட் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. சட்டம் கொடுக்கிற ஒரு வருசம், ஒரு வருசம் உயிரோடும் வீடோடும் இருப்பவர்களுக்குத்தானே? பிறகு சண்டை படுவான்கரைக்கு வந்தது. ஷெல் விழத் தொடங்க, சனத்தோடு சனமாக நாங்களும் வாவியைக் கடந்து ஓடினோம். சாமான் ஏற்ற உழவு இயந்திரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு மூட்டைக்குத்தான் இடம். நான் உடுப்பை விட்டுவிட்டு நீங்கள் எனக்குச் செய்து தந்த மெசினை ஏற்றினேன். பைத்தியம் என்றார்கள். பிள்ளையை ஒரு கையிலும் மெசினை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முகாமில் அது எங்களைக் காப்பாற்றியது. கிடைத்த மாவில் இடியப்பம் பிழிந்தேன். வாகரையில் இருந்து ஓடிவந்த பெண்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். வெல்டிங் கடை நானாவைத் தேடிப் பிடித்தேன். அவர் உங்கள் பேரைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அப்படித்தான் இந்தத் தொழில் தொடங்கியது. இன்றைக்கு எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் என்ன போட்டிருந்தாலும் சனம் கேட்பது "புவனேஸ் மெசின்" என்றுதான்.

நான் யார் தெரியும்தானே, உங்களைப் போல இல்லை. செயினும் பல்லுச் சில்லும் இருக்கிற இடத்தைத் தகரத்தால் மூடி, ஆணி அடித்து விற்றேன். "உள்ள கை வைக்காதீங்க, பழுதாப் போகும்," என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் போகவில்லை. ஏறாவூர் முஸ்லிம் அக்கா ஒருத்தி, ராத்தா என்றுதான் கூப்பிடுவோம், அந்தத் தகரத்தைக் கழற்றிப் பார்த்து, தன் ஊரிலேயே ஒரு மெசின் அடித்துவிட்டாள். அதை என்னிடமே கொண்டுவந்து காட்டினாள்! "புள்ள, உங்கட உரல் சின்னன். நான் பெரிசாப் போட்டிருக்கன், பாருங்க. நீங்களும் இப்பிடிச் செய்யுங்க, நல்லாப் போகும்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவளுடைய உரல் உண்மையில் திறம். நானும் அப்படியே மாற்றிக்கொண்டேன். அவளிடம் இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

சண்டை முடிந்து றோட்டு எல்லாம் திறந்த பிறகு, டவுனில் ஒரு வர்த்தகக் கண்காட்சி வைத்தார்கள். நானும் ஒரு மூலையில் மெசினோடு நின்றேன். கொழும்பில் இருந்து வந்தவர்கள் படம் எடுத்தார்கள், விசிட்டிங் கார்ட் தந்தார்கள். நான் தகரத்தைக் கழற்றவில்லை. ஆனால் ஒரு மெசினை அவர்கள் காசு கொடுத்தே வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கினவன் கழற்றுவதை நான் எப்படித் தடுப்பது?

கொஞ்சக் காலத்தில் ஒரு சட்டத்தரணி மூலம் கடிதம் வந்தது. அந்தக் கம்பனி இடியப்ப மெசினுக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்திருக்கிறதாம். மிதிக்க மிதிக்கத் தட்டும் சுற்றும் அந்த முறை தங்கள் கண்டுபிடிப்பாம். ஆகவே நான் உடனே நிறுத்த வேண்டுமாம். அம்மாளாச்சியே! அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் தோளின் நோவு எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியுமா?

டவுனில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். இளம் பெண். பொறுமையாகக் கேட்டாள். "அக்கா, இந்த விண்ணப்பத்துக்கு முந்தியே இது வெளியில இருந்தது எண்டு காட்டினாப் போதும். புதுசு இல்லாத சாமானுக்குப் பேட்டன்ட் இல்ல. எப்பயிருந்து விக்கிறீங்க? பில் இருக்கா?" என்றாள்.

"முகாமுக்குள்ள வித்ததுக்கு ஆரு மனே பில் போட்டது? கடையிலயும் கைக்குக் கை காசுதான்," என்றேன்.

வாங்கின பெண்களைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றேன். அதையும் செய்யலாம், ஆனால் உங்கள் வாடிக்கைக்காரர்தானே என்று சொல்லிவிடுவார்கள், திகதியோடு அசையாத ஒன்று வேண்டும் என்றாள். திகதியோடு எங்களிடம் என்ன இருக்கிறது? ஒரு பாதியைக் கடல் எடுத்தது. மற்றப் பாதியை ஓடும்போது விட்டோம். உங்கள் படம் என்றுகூட அந்தக் கலியாணப் படம் ஒன்றுதான் மிச்சம். அதில் நீங்கள் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் ஆயுளில் அப்படி நின்ற ஒரே நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

வழி காட்டியது அண்ணன்தான். போனில் கதையைச் சொன்னபோது, "அந்த வருசச் சடங்க வீடியோ எடுத்தாங்கதானே?" என்றார். ஓம், எடுத்தார்கள்! அந்த வருசம் சடங்குச் செலவில் பெரும்பங்கு சுவிசில் இருக்கிற உங்கள் தங்கச்சியின் காசு. காசு அனுப்பினவர்கள் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வருசமும் வீடியோ கசற் அனுப்புவது வழக்கம்தானே. உங்கள் தங்கச்சியிடம் கேட்டேன். அலுமாரியில் வைத்திருக்கிறாளாம். உங்களைப் பார்க்க மனம் வராமல் இத்தனை காலமும் போட்டுப் பார்க்கவே இல்லையாம். அதை டிஸ்க்கில் ஏற்றி, லீவில் வந்த ஒருவரிடம் இரண்டையும் கொடுத்துவிட்டாள்.

சட்டத்தரணியின் கந்தோரில், அவளுடைய மேசைக்கு முன்னால் இருந்துதான் பார்த்தோம். நானும் தர்சினியும். மூலையில் மஞ்சள் எழுத்தில் திகதி. மடத்தடி. சனம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நீங்கள், தலையில் பூவோடு, நெற்றியெல்லாம் வியர்வை. மிதிக்கிறீர்கள், தட்டு சுற்றுகிறது, இடியப்பம் விழுகிறது. வீடியோக்காரன் கிட்ட வருகிறான். நீங்கள் அவனைப் பார்த்துச் சொல்கிறீர்கள்: "கிட்ட வந்து எடுங்க தம்பி. இதில ஒளிப்பு மறைப்பு ஒண்டும் இல்ல. இந்தா செயின், இந்தா சில்லு. வேணுமெண்டா எல்லாரும் செய்யுங்ககா!"

சட்டத்தரணி கதிரையில் நிமிர்ந்தாள். "இது காணும் அக்கா, வேற ஒண்டும் தேவல்ல," என்றாள்.

நான் அதைக் கேட்கவில்லை. ஏனென்றால் அடுத்த கணம் நீங்கள் பக்கத்தில் யாரையோ பார்த்து, "தர்சினி, மாவில கைய வைக்காத மனே!" என்று கத்தினீர்கள். பிள்ளை படத்தில் தெரியவில்லை. உங்கள் குரல் மட்டும்தான். என் பக்கத்தில் இருந்தவள் மேசையில் வைத்திருந்த தன் கையைச் சட்டென்று மடிக்குள் எடுத்தாள். பிறகு அழத் தொடங்கினாள். உங்கள் குரல் அவளுக்கு மறந்து போயிருந்ததாம். அதை என்னிடம் சொல்ல இத்தனை வருசமும் பயந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நல்ல காலம், சட்டத்தரணி வெளியே போய்விட்டாள்.

அந்தப் பெண் பிறகு எனக்கு இன்னொன்றையும் விளக்கினாள். இந்தக் கசற்றைக் கொடுத்தால் கம்பனிக்குப் பேட்டன்ட் கிடைக்காது. ஆனால் எனக்கும் கிடைக்காது. நீங்கள் காட்டிய நாளில் இருந்து அந்த ஒரு வருசம் எப்போதோ முடிந்துவிட்டது. இனி அது யாருக்கும் சொந்தமில்லை. யாரும் செய்யலாம், விற்கலாம்.

"கம்பனியுமா?"

"கம்பனியும்தான் அக்கா. நீங்க பேரப் பதியலாம். புவனேஸ் மெசின் எண்டு வேற ஆரும் விக்கேலாது. ஆனா மெசினச் செய்யலாம்."

பெரிய தொழிற்சாலை வைத்து அவர்கள் செய்தால் என் கடை எத்தனை நாளைக்கு நிற்கும்? பேரை வைத்துச் சோறு தின்னலாமா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பதில் கடிதத்தில் கசற்றைப் பற்றி எழுதியிருந்தோம். போன கிழமை கம்பனியின் ஆள் ஒருவர் கடைக்கே வந்தார். தமிழ் ஆள், மரியாதையான மனிதர். தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசினார். "சண்டை என்னத்துக்கு அக்கா? கிழக்கு மாகாணம் முழுக்க நீங்கள்தான் எங்கள் ஏஜென்ட். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். பிள்ளையின் படிப்புக்கும் நாங்கள் பொறுப்பு. அந்தக் கசற்றையும் டிஸ்க்கில் ஏற்றிய கொப்பியையும் மட்டும் எங்களிடம் தந்துவிடுங்கள். அதைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று ஒரு கையெழுத்து," என்றார்.

உண்மையைச் சொல்கிறேன் மச்சாள், எனக்கு ஆசை வந்தது. நான் கேட்ட பூட்டு இதுதானே? மூடி வையுங்க, மூடி வையுங்க என்று காலமெல்லாம் கத்தியவள் நான். இப்போது ஒருவன் சட்டத்தாலேயே மூடித் தருகிறேன் என்கிறான், அந்தப் பூட்டின் திறப்பில் பாதியும் எனக்குத் தருகிறேன் என்கிறான். ஒரு இரவல்ல, ஒரு கிழமை முழுக்க யோசித்தேன்.

கதை எப்படிப் பரவியதோ தெரியாது, ஏறாவூர் ராத்தா பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்தவள் இருக்கவும் இல்லை. "எங்கட மெசினையும் நிப்பாட்டச் சொல்லுவானுகளா புள்ள?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள். அவள் ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு அந்த மெசினில் எரிகிறது என்று எனக்குத் தெரியும். வாகரைப் பக்கம் முகாமில் இருந்து திரும்பிப்போன பெண்களும் அப்படித்தான். நான் கையெழுத்து வைத்தால் அவர்களுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் போகும். ஏஜென்ட் என்ற முறையில் யாரிடம் மெசின் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற வேலையும் எனக்குத்தான் வரும்.

ராத்தா போன பிறகு தர்சினியிடம் கேட்டேன். "உன்ட படிப்புக்கும் தாறாங்களாம் மனே. நான் என்ன செய்ய?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அம்மா ஆரக் கேட்டுக் காட்டினவ மாமி? இப்ப நாம ஆரக் கேட்டு ஒளிக்கிற?"

வாய் குறைவான பிள்ளை என்று நினைத்திருந்தேன். உங்கள் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

எனக்கு இன்னும் பயம்தான். அதை மறைக்க மாட்டேன். அடுத்த வருசம் கடை இருக்குமா என்று தெரியாது. ஆனால் எனக்கு ஒன்று மட்டும் விளங்குகிறது. ஏறாவூர் ராத்தா உரலைப் பெருப்பித்தாள், நான் எடுத்துக்கொண்டேன். வாகரையில் ஒருத்தி மிதிகட்டைக்கு மரம் போட்டிருக்கிறாளாம், கால் வழுக்காதாம். அதையும் போய்ப் பார்க்க வேண்டும். இப்படி ஒருத்தியின் கையில் இருந்து இன்னொருத்தியின் கைக்குப் போய்த்தான் உங்கள் மெசின் இவ்வளவு நல்ல மெசின் ஆனது. என் தகரத்தாலா ஆனது? கம்பனி செய்வதென்றால் செய்யட்டும். அவர்களோடு போட்டி போட நாங்களும் இருக்கிறோம். ராத்தாவுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும், அது வேறு கதை.

ஆகவே நாளைக்கு நான் கையெழுத்து வைக்கப் போவதில்லை. அங்கிருந்து நேரே பேட்டன்ட் கொடுக்கிற கந்தோருக்குப் போகிறோம், நானும் சட்டத்தரணியும் தர்சினியும். மார்கழியா தையா என்று நான் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை.

ஒரே ஒரு சின்ன வாக்குவாதம் மிச்சம் இருக்கிறது. சட்டத்தரணி சொல்கிறாள், அந்தக் கந்தோரில் படம் மட்டும் போதுமாம். மெசினும் திகதியும் தெரிந்தால் சரி. சுற்றிவரச் சனம் கத்துகிறது, ஒலிபெருக்கி இரைகிறது, சத்தத்தை அணைத்துவிட்டே போடலாம் என்கிறாள். அவளுக்குச் சட்டம் தெரியும். ஆனால் இதில் நான் விடமாட்டேன் மச்சாள், இது சத்தியம். அந்தப் பெரிய கந்தோரில் சத்தத்தை முழுதாகக் கூட்டித்தான் போட வைப்பேன். நீங்கள் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி, பிள்ளையை ஏசியும் முடிக்கும் வரை, ஒரு ஆளையும் கதிரையை விட்டு எழும்ப விடமாட்டேன்.

உங்களோடு கோபிக்கவும் உரிமை உள்ள, உங்கள் பிள்ளைக்குத் தாயாக நிற்கிற,
உங்கட மச்சாள்
பரமேஸ்